வில்லங்கம் இல்லாத வீடு

சல்லடையில் கொட்டிய மல்லாட்டைப் பருப்பிலிருந்து கல்லையும் சொத்தையையும் பொறுக்கி எறிகிற வேலையில் அமலோற்பவமேரிக்கு இருபத்திரண்டு வருஷத்துக் கை. கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் பார்த்துவிடும். சுருங்கியது, முளைவிட்டது, பூஞ்சை பிடித்தது எல்லாம் இடது பக்கக் கூடைக்குப் போகும். திண்டிவனத்தில் அந்த வேர்க்கடலை மில்லின் தகரக் கொட்டகைக்குள் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிலோ கணக்கில் கூலி என்பதால் வாய் பேசினாலும் கை நிற்காது.

அவள் பக்கத்தில் சாக்கின் மேல் கால் நீட்டி உட்கார்ந்து, தொலியை அள்ளி அள்ளித் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தாள் கிளாரா. அவளுக்கு முப்பத்திநாலு வயது. இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உடம்பை மட்டும் வளரவிட்டுப் புத்தியை அங்கேயே நிறுத்திவிட்டுப் போயிற்று. ஆள் கனம் அம்மாவைப் போல ஒன்றரை மடங்கு. குளிப்பாட்ட வேண்டும், சோறு பிசைந்து ஊட்ட வேண்டும், மாதம் மூன்று நாள் துணி மாற்றிவிட வேண்டும், வலிப்பு வந்தால் தலை தரையில் மோதாமல் மடியில் தாங்க வேண்டும். நடக்கும்போது அம்மாவின் கட்டைவிரல் அவள் கைக்குள் இருக்க வேண்டும். விரலை உருவினால் நடுரோடு என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிடுவாள். மில் முதலாளி நல்லவர்தான். நிழலில் ஒரு மூலை கொடுத்திருந்தார், ஒன்றும் கேட்டதில்லை.

ஆறு மாதமாக மேரியால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. தீட்டு நின்று ஏழு வருஷம் ஆனபின் மறுபடியும் பட ஆரம்பித்தது. வெட்கப்பட்டு நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் கட்டி என்றார்கள். முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சுக் கரண்டு வைக்க வேண்டும், தினமும் வர வேண்டும், கனம் தூக்கக் கூடாது என்றார்கள். கட்டி என்று கேட்டபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கனம் தூக்கக் கூடாது என்றபோதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ம்மா, கொஞ்சம் வெளில வா."

கேட்டருகில் ஆஸ்வின் நின்றிருந்தான். கிளாராவுக்கு அடுத்து பிறந்தவன், ஒரே மகன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஏழு வருஷம் காண்ட்ராக்ட்டில் இருந்தான். போன தையில் அவனோடு எழுபது பேரை ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பொண்டாட்டி பிள்ளைகளோடு கூடுவாஞ்சேரியிலேயே வாடகைக்கு இருந்துகொண்டு, கிடைத்த வேலைக்குப் போய், பற்றாததற்குக் கடன் வாங்கி ஓட்டினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாயங்காலம் வூட்ல பேசுனா இன்னாடா?"

"சாயங்காலம் பார்ட்டி வர்றாங்க. அதுக்கு முந்தி உன்கிட்ட சொல்லிடணும்ல." அவன் கேட் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வூட்டக் குடுத்திடலாம்னு இருக்கேன்."

மேரி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை, தூசிதான்.

"அக்காவ ஹோம்ல சேக்கணும்னு நீதான சொன்ன? சிஸ்டரு ஒன்றரை லட்சம் டெபாசிட் கேக்கறாங்க. நான் எங்கேர்ந்து கொண்டார்றது? வூடு வித்தாத்தான் உண்டு. மொத வேலையா அதக் கட்டிடறேன். மிச்சத்துல ஒரு லோடு ஆட்டோ எடுத்து பொழைச்சிக்குவேன். நீ எங்களோட வந்துடு."

"வூட்டு முன் கட வாடக அவ மாத்திரைக்குடா."

"ஆயிரத்து ஐநூறு ரூபாய வெச்சிக்கினு எத்தினி நாளைக்கும்மா?"

மேரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வக்கீல் வில்லங்கம் போட்டுப் பாத்துட்டாரு. நம்ம பத்திரம் சுத்தமா இருக்குதாம். ஒரு பேஜாரும் இல்லியாம்."

நல்ல சேதி சொல்வது போலத்தான் சொன்னான். அந்தப் பத்திரத்தைச் சுத்தம் பண்ணியவளே அவள்தான்.

அது 2004ஆம் வருஷத்துச் சித்திரை. அவள் புருஷன் பாக்கியசாமி அப்போது உயிரோடு இருந்தார். மண்டியில் மூட்டை தூக்கி, மூன்று சென்ட் வாங்கி, பதினெட்டு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் எழுப்பி, முன்பக்கம் ஒரு கடையும் எடுத்துக் கட்டிய வீடு. குடல் இறங்கிப்போய் ஆள் பாதியாகியிருந்தார். இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று பத்திர எழுத்தர் சவுரிராயனிடம் மேரியையும் ஆஸ்வினையும் அழைத்துக்கொண்டு போனார். சவுரிராயன் அதே பங்குக் கோயில்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்பெஞ்சில் உட்காருகிறவர். எந்தப் பத்திரமானாலும் முதலில் கோடு போட்ட தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, அப்புறம்தான் முத்திரைத்தாளைத் தொடுவார்.

"மூத்த பொண்ணுக்கு இன்னா ஏற்பாடு?" என்று அவர்தான் கேட்டார். "முன் கட வாடகய அவ பேருல ஒரு டிரஸ்டா கட்டி வெச்சிடலாம். பங்குச் சாமியாரயும் தம்பியயும் பொறுப்பாப் போட்டா, நீங்க ரெண்டு பேரும் போனப்புறமும் அது பாட்டுக்கு ஓடும்."

"டிரஸ்டா?" மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் காலேஜு கட்றவங்க பண்றதுண்ணே. மூணு சென்ட்டுக்கு டிரஸ்டா?"

"சரி, வாணாம். இதயாவது போடுவோம்." அவர் ஒரு வரி எழுதி வாசித்தார். சொத்தை அடைகிற ஆஸ்வின், அதன் வருமானத்திலிருந்து தன் அக்காள் கிளாராவுக்கு அவள் ஆயுள் உள்ளவரை உணவும் உடையும் வைத்தியமும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியது, அதுவரை சொத்தை விற்கக் கூடாது என்று அந்த வரி சொன்னது. பாக்கியசாமி தலையாட்டினார். எழுத்துக் கூலிக்கு ரூபாயை எண்ணக்கூடத் தொடங்கிவிட்டார்.

மேரிதான் வேண்டாம் என்றாள். விழுப்புரத்திலிருந்து ஆஸ்வினுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் அப்பா தபால்காரர். ஆறு சவரன் போடுகிறவர், மாப்பிள்ளை பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயம்தானே. பத்திரம் முடிந்ததும் ஒரு ஜெராக்ஸ் கொடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். கிளாராவைப் பற்றி அவர்களிடம் இன்னும் மூச்சு விடவில்லை. ஜெராக்ஸில் அந்த வரியைப் படித்தால் தபால்காரர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்.

ஆனால் அவள் வாயில் வந்த காரணம் வேறு. "கூடப் பொறந்தவளுக்கு சோறு போடுன்னு முத்திரத்தாள்ல எழுதறதாண்ணே? ஊரு சிரிக்காதா? எழுதுனாத்தான் அவ அக்காவா? தானாடாட்டியும் தன் சத ஆடும். அவன் பாத்துக்குவான்."

பக்கத்தில் நின்ற ஆஸ்வினுக்கு முகம் பூரித்தது. "ஆமாண்ணே, அத அடிச்சிடுங்க. அக்காவ நான் வுட்டுடுவேனா?" என்றான். அவன் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. சவுரிராயன் பாக்கியசாமியைப் பார்த்தார், பாக்கியசாமி மேரியைப் பார்த்தார், பிறகு அந்த வரியின் மேல் நீலமாக ஒரு கோடு விழுந்தது.

நிச்சயத்தன்று கிளாராவைப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளிடம் விட்டு, ஒரு பாக்கெட் பொறை பிஸ்கட்டும் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். அம்மாவின் விரலைக் காணாமல் அவள் போட்ட கூச்சல் சுவரைத் தாண்டி வந்தது. "யாரு அது?" என்று சம்பந்தியம்மாள் கேட்டதற்கு, "கெங்கம்மா வூட்டுப் பொண்ணு, பாவம்" என்றாள் மேரி. சொன்னதும் நாக்கு கசந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதை மட்டும் இன்றுவரை அவள் சொன்னதில்லை.

மருமகள் ஜெசிந்தா கல்யாணமான மூன்றாம் நாள் கிளாராவைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. இரண்டு மாதம் நாத்தனாருக்குத் தலை வாரிவிட்டாள், பேன் பார்த்தாள். ஒருநாள் மட்டும், "முன்னாடியே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன் அத்த. ஒருவேள சரின்னும் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு ஆஸ்வினுக்கு வேலை கிடைத்து அவர்கள் கூடுவாஞ்சேரி போனார்கள். பாக்கியசாமி மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். மேரியும் கிளாராவும் கடை வாடகையுமாக நாள் ஓடிற்று.

சாயங்காலம் பார்ட்டி வந்தார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். சுவரைத் தட்டிப் பார்த்தார், காலடியால் அகலத்தை அளந்தார், வீட்டை இடித்துவிட்டு குடோன் கட்டப் போவதாகச் சொன்னார். கிளாரா அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை, வேறு பேனா எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மேரி கிளாராவை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போய், அங்கிருந்து கெடார் போகும் டவுன் பஸ் ஏறினாள். ரோட்டிலிருந்து கரும்புக் கொல்லை ஓரமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி கன்னியர்கள் நடத்தும் இல்லம். வாசலில் ஒரு மெத்தையை வெயிலில் போட்டிருந்தார்கள். அந்த மெத்தைக்காரி போன வாரம் இறந்துபோனதால்தான் ஒரு கட்டில் காலி.

"நாப்பது பேரு இருக்காங்கம்மா. நாலு ஆயாவுக்குச் சம்பளம், மாத்திரை, சோறு எல்லாம் டெபாசிட் வட்டியிலதான் ஓடுது" என்றார் பெரிய சிஸ்டர். "இவ இன்னும் முப்பது வருஷம் இருக்கலாம் இல்லியா? மாசக் கடைசி வரைக்கும் கட்டில வெச்சிருக்கேன். அதுக்கு மேல வெயிட்டிங் லிஸ்ட்ல பதினோரு பேரு."

கிளாரா அங்கே ஒரு ஊஞ்சலைக் கண்டுவிட்டாள். ஆயா ஒருத்தி ஆட்டிவிட, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். ஐந்து நிமிஷம் அம்மாவின் விரலைத் தேடவில்லை. இத்தனை வருஷத்தில் மேரி அதைப் பார்த்ததே இல்லை. சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் மெத்தைப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினாள். இங்கே இருந்துவிடுவாள், இவளை இங்கே கொண்டுவந்து விட்டால் போதும், கரண்டோ கத்தியோ நமக்கு எது வந்தால் என்ன என்று தோன்றிற்று.

திரும்புகிற பஸ்ஸில் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இந்தத் தடவை எழுதி வாங்க வேண்டும்.

கிரயத்துக்குக் குறித்த நாள் மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு. பத்திர ஆபீஸுக்கு எதிரே சவுரிராயனின் மேஜை அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் மகன் கம்ப்யூட்டர் வைத்துப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தான். சின்னக் காகிதங்களை மட்டும் சவுரிராயன் இன்னும் கையால் எழுதினார். ஆஸ்வின், ஜெசிந்தா, ஹார்டுவேர்க்காரரின் வக்கீல் குமாஸ்தா கோதண்டபாணி எல்லாரும் வந்திருந்தார்கள். மேரியின் விரலைப் பிடித்தபடி கிளாரா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பத்திரம் ரெடி. வாரிசுங்ககிட்ட மட்டும் இருபது ரூபா தாள்ல சம்மதக் கடுதாசி வாங்கிக்கச் சொன்னாரு வக்கீலு" என்றான் கோதண்டபாணி. "அம்மா ஒண்ணு, இந்தப் பொண்ணு ஒண்ணு. நாளைக்கு யாரும் பாத்யதைன்னு வந்து நிக்கக்கூடாது பாருங்க."

"இதுக்கு ஒண்ணும் தெரியாதே சார்" என்றார் சவுரிராயன்.

"கை இருக்குதுல்ல? ரேக விழுந்தா போதும். எங்க ஆளு திருப்திக்குத்தான்."

மேரி தொண்டையைச் செருமினாள். அவள் ஆபீஸ் பேச்சுப் பேசிப் பழகாதவள். "அதுல ஒண்ணு சேத்து எழுதணும். வூடு வித்த பணத்துல அவ பேருக்கு ஒன்றர லட்சம் ஹோமுக்குக் கட்டணும்னு எழுதணும்."

கோதண்டபாணி அவளைப் பொறுமையாகப் பார்த்தான். "எப்பிடிம்மா? அந்தப் பொண்ணுக்குப் பாத்யதை இல்லன்னு எழுதற காயிதம் இது. அதுலயே அவளுக்குப் பணம் குடுக்கணும்னு எழுதுனா, பாத்யதை இருக்குதுன்னுல்ல ஆயிடும்? எங்க ஆளு இப்பவே எழுந்து போயிடுவாரு."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் மேரிக்குப் புலப்படவில்லை. அதுதான் அவளைத் திக்குமுக்காட வைத்தது.

"தனியா ஒரு தாள்ல தம்பி எழுதிக் குடுக்கட்டுமே" என்றார் சவுரிராயன் மெதுவாக. "பத்து நிமிஷ வேல." அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு மேரியைப் பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட நீலக் கோட்டை அவரும் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்வினின் முகம் கறுத்தது. "ம்மா, இன்னாது இது? ஊரான் வூட்டுப் பையன்கிட்ட கேக்கற மாரி கேக்கற?"

"தப்பா நெனைக்காதடா. எனக்கு ஒடம்பு..."

"நான் எழுதிக் குடுத்தாத்தான் அவ எனக்கு அக்காவா?" அவன் குரல் உடைந்தது. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பணம் வாங்குன ஒடனே கட்றேன்னு சொல்றேன்ல. ஒரு தடவ சொன்னா நம்ப மாட்டியா?"

அவன் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது அவளுடைய வார்த்தை. இதே மேஜை முன்னால் அவள் வாயிலிருந்து விழுந்தது, அதே சூட்டோடு திரும்பி வந்து நின்றது.

கிளாராவின் சடையிலிருந்து அவிழ்ந்த ரிப்பனை முடிச்சுப் போட்டபடியே ஜெசிந்தா சொன்னாள். "அன்னிக்கு எங்கப்பாகிட்ட மறைச்சீங்க அத்த. நான் உங்கள இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. இப்ப எங்களத்தான் நம்ப மாட்டேன்றீங்க."

கோதண்டபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஆபீஸ் உள்ளிருந்து டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். நாளை மறுநாளோடு ஹோமில் கட்டில் போய்விடும். திங்கட்கிழமை பாண்டிச்சேரியில் கரண்டு தொடங்க வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். முழத்தையும் பார்த்துவிட்டவள் அவள்.

"வாணாம்ணே" என்றாள். "எடுத்துருங்க."

சவுரிராயன் வெள்ளைத்தாளைத் திரும்ப மேஜை டிராயருக்குள் வைத்தார். முத்திரைத்தாளை இழுத்து எழுதினார். ஆஸ்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலமே சிஸ்டருக்கு போன் போட்டுச் சொல்லிடறேன்மா" என்றான். மேரி அவனைப் பார்த்தாள். அவன் கண் ஆபீஸ் வாசலில் நின்ற ஹார்டுவேர்க்காரரின் பையில் இருந்தது. எந்தக் கடன்காரனுக்கு எவ்வளவு என்று அந்தக் கண் ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருப்பது போல அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சவுரிராயன் வழக்கம் மாறாமல் வாசித்துக் காட்டினார். "திண்டிவனம் டவுனில் வசிக்கும் லேட் பாக்கியசாமி குமாரத்தி கிளாரா ஆகிய நான்..."

தன் பேர் காதில் விழுந்ததும் கிளாரா "ஆங்" என்று பெரிதாகச் சிரித்தாள். அந்த வீட்டு முத்திரைத்தாள் எதிலும் அவள் பேர் அதுவரை எழுதப்பட்டதில்லை. அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "...மேற்படி வீட்டிலும் மனையிலும் எனக்கு எவ்விதப் பாத்தியதையும் சம்பந்தமும் இல்லையென்றும்..."

மைப்பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தான் கோதண்டபாணி. "இடது கட்டவெரலு."

ஆஸ்வின் கையைப் பிடிக்க வந்தான். கிளாரா முறுக்கிக்கொண்டு கத்தினாள். ஸ்டூல் சாய்ந்தது. ஜெசிந்தா முயன்று பார்த்தாள், அவளுக்கும் கை கொடுக்கவில்லை. எல்லாரும் மேரியைப் பார்த்தார்கள்.

மேரி குனிந்து தன் கட்டைவிரலை மகளின் கைக்குள் வைத்தாள். கத்தல் நின்றது. பிறகு மெல்ல விரலை உருவி, மகளின் கட்டைவிரலைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். இது புது விளையாட்டு என்று நினைத்துக் கிளாரா சிரித்தாள். மையில் தோய்த்தபோதும் சிரித்தாள். தாளின் மேல் வைத்து, கல் பொறுக்கிக் காய்த்துப்போன விரலால் மேரி மேலிருந்து அழுத்தினாள். கோதண்டபாணி குனிந்து பார்த்து, கோடு சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றான். இன்னொரு தடவை அழுத்தினாள்.

சவுரிராயன் ரேகைக்கு மேலே, விட்டு வைத்திருந்த கடைசி வரியை எழுதிக்கொண்டே வாசித்தார். வாசிக்காமல் விட்டிருக்கலாம். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், நாக்கு தானாக ஓடிற்று.

"இதை நான் நல்ல நினைவுடனும், சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் சம்மதித்து எழுதிக் கொடுத்தேன்."

கிளாரா நீலமான தன் விரலை அம்மாவின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். மேரி முந்தானையை எச்சிலில் நனைத்து அதைத் துடைக்க ஆரம்பித்தாள். மை போகவில்லை.